108 நிமிடங்கள்: பீதியடைந்தது யார்?

கியூபெக்கில் அணு உலைப் பேச்சு மறுபடியும் தலைதூக்கியிருக்கிறது. பெக்கான்கூரில் 2012 டிசம்பர் 28 அன்று மூடப்பட்ட ஜென்டிலி-2 உலையை மீண்டும் இயக்க முடியுமா என்று ஆராய்வதாக ஹைட்ரோ-கியூபெக் 2023 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. அன்றிலிருந்து அந்தப் பேச்சு எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. 675 மெகாவாட், புகை இல்லை, உறைபனிக் காலத்தில் கைகொடுக்கும் என்று ஆதரவாளர்களின் கணக்கு நீள்கிறது. கணக்கில் பெரிய பிழை இல்லை. எரிச்சலூட்டுவது, கணக்கின் அடியில் தவறாமல் வந்து உட்காரும் ஒரு வரிதான்: மக்களின் வீண் பயத்தை விளக்கிச் சொல்லிப் போக்கிவிடலாமாம்.

எது வீண் பயம்? மொன்ட்ரியாலிலிருந்து காரில் ஐந்து மணி நேரத் தூரத்தில் அதற்கு ஒரு நல்ல பாடம் நடந்திருக்கிறது.

2020 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. காலை 7:23-க்கு ஒன்ராறியோ முழுவதும் கைத்தொலைபேசிகள் அலறின. பிக்கரிங் அணு மின் நிலையத்தில் ஒரு சம்பவம் என்றது செய்தி. வழக்கத்துக்கு மாறான கதிரியக்கக் கசிவு ஏதும் இல்லை, அருகில் வசிப்பவர்கள் இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றும் சொன்னது. ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்வதற்காகவா ஒரு மாகாணத்தையே படுக்கையிலிருந்து எழுப்புவார்கள்? உலைக்கு மேற்கே ஸ்காபரோ, கிழக்கே ஏஜாக்ஸ், வடமேற்கே மார்க்கம். மூன்றுமே தமிழர்கள் நெருக்கமாக வாழும் ஊர்கள். அலறிய செய்தியில் தமிழ் இல்லை.

உண்மையில் உலையில் எதுவும் நடக்கவில்லை. அவசரகால மையத்தில் பணிமாற்ற வேளையில் வழக்கமாகச் செய்யும் சோதனையின்போது, பயிற்சித் தளத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓர் அலுவலர் நிஜத் தளத்தில் பொத்தானை அழுத்திவிட்டார். இது யாருக்கும் நேரக்கூடிய தவறு. ஆனால் அது தவறான செய்தி என்று அதே தொலைபேசிகளுக்கு மறுசெய்தி போனது 9:11-க்கு. இடையில் 108 நிமிடங்கள். மின் நிறுவனமும் பிக்கரிங் மேயரும் சமூக ஊடகத்தில் விளக்கம் சொன்னார்கள். எச்சரித்த தொலைபேசி மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் 108 என்று அழுத்தினால் ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிடும். ஒன்ராறியோவில் அதே 108, ஒரு திருத்தம் வந்துசேர எடுத்த நிமிடக் கணக்கு. அதற்கு ஏறத்தாழ ஈராண்டுக்கு முன் ஹவாயில் ஏவுகணை வருகிறது என்று பொய் எச்சரிக்கை போனபோது திருத்தத்துக்கு 38 நிமிடம் ஆனது. அதையே உலகம் கைகொட்டிச் சிரித்தது.

இனி வருவதுதான் முக்கியமான எண். கதிரியக்க அயோடின் தைராய்டு சுரப்பியில் தங்கிவிடாமல் தடுக்க பொட்டாசியம் அயோடைடு மாத்திரை உண்டு. உலையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கு அது ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. 50 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் விண்ணப்பித்தால் இலவசமாக அனுப்பிவைப்பார்கள். சாதாரணமாக மாதத்துக்கு 100 முதல் 200 விண்ணப்பங்கள் வரும். அந்த ஞாயிறும் மறுநாள் திங்களும் சேர்ந்து வந்தவை 32,000-க்கும் மேல். மாதத்துக்கு 200 என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 13 ஆண்டுகளில் வரவேண்டியவை இரண்டே நாளில் வந்து குவிந்தன.

இதற்குப் பெயர் பீதி என்றார்கள். அந்த 32,000 பேர் என்ன செய்தார்கள் என்று ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். கடையை உடைக்கவில்லை. ஊரைவிட்டு ஓடவில்லை. அதற்கென்றே அமைந்த இணையதளத்துக்குப் போய், அரசாங்கமே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் மாத்திரையை, அங்கே வகுத்திருக்கும் படிவத்தை நிரப்பிக் கேட்டார்கள். இதைவிட ஒழுக்கமான குடிமக்களை எந்த நாட்டில் தேடுவது? உண்மையில் கைகால் ஓடாமல் நின்றவர்கள் அவசரகால மையத்தில் இருந்தவர்கள். திருத்தச் செய்தி அனுப்பும் நடைமுறையில் ஓட்டை, பயிற்சிக் குறைவு, தகவல் பரிமாற்றத்தில் குழப்பம் என்று அடுத்த மாதம் வெளிவந்த மாகாண விசாரணை அறிக்கையே அடுக்கியது. அதைப் பீதி என்று எழுத எவருக்கும் பேனா எழவில்லை.

இந்த இடத்தில் பத்திரிகைகளையும் சும்மா விடுவதற்கில்லை. அணு உலை என்றதும் தமிழ் நாளிதழ்கள் அச்சுக் கோத்துத் தயாராக வைத்திருக்கும் சொற்கள் மூன்று: பரபரப்பு, பீதி, வதந்தி. முதல் நாள் பரபரப்பு, இரண்டாம் நாள் பீதி, அதிகாரி மறுப்பு அறிக்கை விட்டதும் வதந்தி. அந்த மறுப்பு பின்னர் பொய்யானால் நான்காவது சொல் அச்சகத்தில் கிடையாது. 2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளத்தில் இணையத் தாக்குதல் என்பது பொய்த் தகவல் என்று நிலையம் அறிவித்தது. மறுநாள், தீநிரல் புகுந்தது உண்மைதான், ஆனால் அது நிர்வாகப் பணிக்கான வலையமைப்பில் இருந்த கணினி, உலைக்குச் சம்பந்தமில்லை என்று இந்திய அணுமின் கழகம் ஒத்துக்கொண்டது. செப்டம்பர் 4-ஆம் தேதியே அவர்களுக்கு விஷயம் தெரியும். கல்பாக்கம் மறுபதப்படுத்தும் ஆலையில் 2003 ஜனவரி 21 அன்று ஆறு ஊழியர்கள் வரம்பு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானது பொதுவெளிக்கு வர அரையாண்டு பிடித்தது. கூடங்குளத்துக்கு அருகே இடிந்தகரை மீனவர்கள் உலையைப் பற்றிக் கேள்வி கேட்டபோதோ, வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் தூண்டிவிடுகின்றன என்று 2012-இல் பிரதமரே பேசினார். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு. பயப்படுவது குற்றம், மறைப்பது நிர்வாகம்!

அணுசக்தி ஆதரவாளர்களிடம் இதற்குப் பதிலாக ஒரு வாழைப்பழம் இருக்கிறது. வாழைப்பழத்திலும் கதிரியக்கம் உண்டு என்பார்கள். உண்டுதான். வாழைப்பழத்துக்காக எவரும் ஊரைக் காலி செய்ததில்லை என்பதோடு அந்த வாதத்தை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது. புகுஷிமாவில் கதிர்வீச்சைவிட வெளியேற்றம்தான் அதிகம் பேரைக் கொன்றது, அதாவது பயமே கொன்றது என்கிறார்கள். அந்த மாவட்டத்தில் இடப்பெயர்வின் அலைச்சலிலும் அதன் பின்விளைவுகளிலும் இறந்ததாகக் கணக்கிடப்பட்டவர்கள் 2,300-க்கும் மேல் என்பது உண்மை. ஆனால் உலைக்கு அருகிலிருந்த நாமியே ஊர்க்காரர்கள் எங்கே ஓடினார்கள்? வடமேற்கே, சுஷிமா என்ற மலைப்பகுதிக்கு. கதிரியக்க மேகமும் அதே திசையில்தான் போனது. மேகம் எப்படி நகரும் என்று கணிக்கும் கணினி அமைப்பு ஜப்பானிய அரசின் கையில் இருந்தது. கணிப்பும் இருந்தது. ஊராருக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. பயம் கொன்றதாம்! ஓடுபவனுக்குத் திசை சொல்லாதவர்கள், அவன் ஓடியதுதான் பிழை என்று பிறகு ஆய்வரங்கம் நடத்துகிறார்கள்.

கனடாத் தமிழரிடம் பீதியைப் பற்றி வகுப்பெடுப்பது இன்னும் வேடிக்கை. கிபிர் போர் விமானத்தின் இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் இறங்கு, ஓய்ந்தால் ஏறி வந்து அடுப்பை மூட்டு என்று வருடக்கணக்கில் வாழ்ந்த சனம் இது. என்ன வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்தால் போதும், அதற்கேற்ப ஒதுங்கிக்கொள்ளும். தெரியாவிட்டால் மாத்திரை கேட்டு விண்ணப்பிக்கும்.

இனி கியூபெக்குக்குத் திரும்புவோம், மொன்ட்ரியால் நகரின் மொன்ட்ரியால்-நோருக்கு. ஹெய்ட்டியிலிருந்தும் மக்ரெப் நாடுகளிலிருந்தும் வந்த குடும்பங்கள் நிறைந்த பகுதி, தமிழ் வீடுகளும் அங்கங்கே உண்டு. அதன் வடக்கு எல்லையில் ஓடும் ரிவியேர் தே ப்ரெரி, ஒட்டாவா ஆற்றின் கிளை. எதிர்க்கரையில் லாவல் நகரம் அதே நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறது. அந்த ஒட்டாவா ஆற்றின் மேற்புறக் கரையில்தான் சாக் ரிவர் அணு ஆய்வு வளாகம். 1952 டிசம்பர் 12 அன்று அங்கே இருந்த ஆய்வு உலையின் எரிபொருள் உருகி, சுமார் 45 லட்சம் லிட்டர் கதிரியக்க நீர் அடித்தளத்தில் தேங்கியது. அதை மணல் பள்ளங்களுக்கு இறைத்து விட்டார்கள். சுத்தம் செய்ய வந்த அமெரிக்கக் கடற்படையினரில் 28 வயது ஜிம்மி கார்ட்டரும் ஒருவர். அதே வளாகத்தில், ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவு தள்ளி, 10 லட்சம் கனமீட்டர் வரை குறைநிலைக் கழிவைக் கொட்டி மூடும் மேட்டுக்கு 2024 ஜனவரியில் அனுமதி கிடைத்தது. கெபாவெக் பழங்குடியினர் வழக்குத் தொடுத்தனர். அவர்களிடம் முறையாகக் கலந்து பேசவில்லை என்று 2025 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. இந்த மேட்டைப் பற்றி ஆற்றின் கீழ்க்கரையில் இருப்பவர்களுக்கு அவர்கள் மொழியில் வீடு தேடி வந்து சொன்னது யார்?

2020 வசந்தத்தில் கனடாவிலேயே கொரோனா மிக மோசமாகத் தாக்கிய நகரப் பகுதிகளில் மொன்ட்ரியால்-நோர் ஒன்று. வீட்டிலேயே இருங்கள் என்ற அறிவுரை, முதியோர் இல்லங்களில் இரவுப் பணி முடித்துப் பேருந்தில் திரும்பியவர்களுக்காக எழுதப்பட்டது அல்ல. பிறகு வந்தது 2022-இன் மொழிச் சட்டம். புதிதாக வந்தவர்களோடு ஆறு மாதத்துக்குப் பிறகு அரசு பிரெஞ்சில் மட்டும் பேச வேண்டும் என்கிறது அது. உடல்நலத்துக்கும் பொதுப் பாதுகாப்புக்கும் விலக்கு உண்டாம். விலக்கு தாளில் இருக்கிறது. தொலைபேசி எச்சரிக்கை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும்தான் வருகிறது.

ஆகவே ஜென்டிலியில் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த வேண்டாம். பொய்யான எச்சரிக்கையைத் திரும்பப் பெற அண்டை மாகாணத்துக்கே 108 நிமிடம் ஆனது என்றால், மெய்யான விபத்தைப் பற்றி இந்த மாகாணம் வாய் திறக்க எத்தனை நாள் ஆகும் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. அந்த எச்சரிக்கை ஒலியை ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை பார்க்கிறார்கள். அடுத்த ஒத்திகை நாளில் எரிசக்தி அமைச்சர் மொன்ட்ரியால்-நோர் வந்து, ஆன்றி-பூராசா சாலையில் ஏதாவது ஒரு பேருந்தில் ஏறட்டும். தொலைபேசிகள் அலறியதும் பக்கத்து இருக்கைக்காரரிடம், இது என்ன சொல்கிறது என்று கேட்டுப் பார்க்கட்டும்.