மரத்தைக் கெடுக்கும் காளானும் அதன் பகைவனும்

கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் பூசணப் பொடியைக் கலந்து விதைப்பது நம் குடியானவர்களில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. வேரழுகலை அடக்கும் இப்பொடியை மாட்டுக்கொட்டிலின் கால்களிலும் வேலிக்கம்பங்களிலும் பூசினால் மரம் இற்றுப்போகாதன்றோ என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும் இதனை நம்பித் தாரைக் கைவிடுதல் தகாதென்பது எமது கருத்து.

ஒரு காளானைக் கொண்டு மற்றொன்றைத் தடுப்பது கட்டுக்கதையன்று. இங்கிலாந்தில் பைன் மரத்தை வெட்டியபின் எஞ்சும் அடிக்கட்டையின் ஈரமுகத்தில் ஹெட்டரோபேசிடியான் என்னும் காளானின் வித்துக்கள் காற்றில் வந்து விழுந்து முளைத்து, வேர்வழியே இறங்கி, அடுத்த பச்சை மரத்தின் வேர் தொடுமிடத்தில் உட்புகுந்து அதனைக் கெடுக்கும். வெட்டியவுடன் கட்டையின்மீது பிளேபியாப்சிஸ் என்னும் வேறொரு காளானின் வித்துக்களை இட்டால் பகைவனுக்கு இடமில்லாமற் போகிறதென்று கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் ரிஷ்பெத் 1963-ம் ஆண்டில் எழுதினார். தெட்போர்டு காட்டில் இம்முறை கையாளப்பட்டது.

இங்கே கவனிக்கவேண்டியது யாதெனில், காவலுக்கு வைத்த காளானும் மரந்தின்னியே. கட்டையை அது தின்றுவிடும். நிற்கும் மரத்தைக் கொல்வதில்லை. வேண்டாத கட்டையை விட்டுக்கொடுத்து வேண்டிய மரத்தைக் காத்ததே அங்கு நடந்த வியாபாரம். கொட்டிற்காலில் நாம் விட்டுக்கொடுக்கக்கூடிய பாகம் யாது?

டிரைக்கோடெர்மா அவ்வாறு மரத்தை அரிப்பதில்லை என்பது மெய்தான். வெள்ளைக்கட்டையிலுள்ள சர்க்கரை முதலிய எளிய சத்துக்களை முந்தி உண்டு, பகைவனின் இழைகளைச் சுற்றிக்கொண்டு அவற்றின் சுவரைக் கரைக்கும். நச்சு ஆவியும் விடும். (அவ்வாவிகளுள் ஒன்றுக்குத் தேங்காய் மணம்!) ஆய்வுசாலைத் தட்டில் இவை அழகாக நிகழ்கின்றன. வெயிலிலும் மழையிலும் நிற்கும் கம்பத்திலோ, பூச்சு மேலேயே தங்க, காளான் வெடிப்பின் வழியே உள்ளே சென்றுவிடும். மரந்தின்னும் காளான்களுள் சில இதற்கு அடங்காமல் மீறி வளர்வதும் உண்டு.

மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே நிற்குமாயின் சாதாரணமாக எக்காளானும் அதனை அழிக்கமாட்டாது. ஆகையால் வெட்டிய மரத்தை நிழலில் காற்றோட்டமாக அடுக்கி நன்கு உலரவிட்டு, வெள்ளைக்கட்டையைச் செதுக்கி நீக்கி, பின்னரே தார் பூசுக. ஈரத்தோடு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். கம்பம் முதலில் இறுவது நிலமட்டத்திலாதலால் அவ்விடத்தில் மேலும் கீழும் ஒரு முழம் தாராளமாகப் பூசவேண்டும். கொட்டிற்கால்களைக் கல்லின்மேல் நிறுத்தக்கூடுமாயின் அதுவே மேல். கையிலுள்ள பொடியை, ஹெக்டேருக்கு 2.5 கிலோ வீதம் 50 கிலோ தொழுவுரத்துடன் கலந்து நிலத்திலிடலாம்.