கேட்டுக்கு மேல ஒரு கம்பி

அபார்ட்மென்ட் கேட்டுக்கு மேல, லாரி நுழையாம இருக்க குறுக்கே ஒரு இரும்புக் கம்பி போட்டிருப்பாங்களே, அதைப் பத்தி ஒரு த்ரெட். டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. சொல்றேன்.

போன மாசம், ராத்திரி பதினொன்றரை மணி. எங்க குடியிருப்பின் கடைசி பிளாக்கில் ஒரு பெரியவர் விழுந்துட்டார்னு கூப்பிட்டாங்க. ஓடிப்போய்ப் பார்த்தா நாடித்துடிப்பு இல்லை. நெஞ்சை அழுத்த ஆரம்பிச்சேன். 108 சீக்கிரமே வந்துடுச்சு. ஆனா கேட்டுக்கு வெளியிலேயே நின்னுடுச்சு.

கம்பி ஏழடி உயரத்தில். வேன் ஆம்புலன்ஸ் எட்டடிக்கும் மேல். "பூட்டைத் திறக்கச் சொல்லுங்கண்ணே"ன்னு செக்யூரிட்டிக்குப் போன் பண்ணினா, "பூட்டே இல்ல சார், வெல்டிங் வெச்சுட்டாங்க"ங்கிறார்.

அவங்க கருவிகளைக் கையில் தூக்கிக்கிட்டு ஓடி வந்தாங்க. திரும்பும்போது மூணு வேகத்தடை மேல ஸ்ட்ரெச்சரைத் தள்ளினோம். ஓடுற ஸ்ட்ரெச்சரில் நெஞ்சை ஒழுங்கா அழுத்தவே முடியாது.

பெரியவர் பிழைக்கலை. கம்பி இல்லேன்னா பிழைச்சிருப்பார்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இதயம் நின்ன பிறகு சிபிஆரும் ஷாக்கும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறையுது. அந்த நிமிடங்களைத்தான் நாம வெல்டிங் வெச்சு அடைச்சிருக்கோம்.

கம்பியே கூடாதுன்னு சொல்லலை. தண்ணி லாரி தவறி சம்ப் மேல ஏறினா ஸ்லாப் உடையும். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் கூரையே தாழ்வு, குழாய் வேற தொங்கும். அங்கே எச்சரிக்கைக் கம்பி கட்டாயம் வேணும். என் சண்டை, ஆள் குடியிருக்கிற இடத்தின் ஒரே வாசலில் திறக்கவே முடியாத கம்பியோடதான்.

தீயணைப்பு வண்டியை யோசிச்சுப் பாருங்க. உயரமான கட்டடங்களுக்கு, நுழைவாயில் மேல கட்டுமானம் வந்தா குறைந்தது 4.5 மீட்டர் இடைவெளி விடணும்னு 2005 தேசிய கட்டட விதித்தொகுப்பு சொல்லுச்சு. கிட்டத்தட்ட 15 அடி. வாசலுக்கே 15 அடி கேட்ட விதி, அதுக்குக் குறுக்கே ஏழடிக் கம்பியை ஒத்துக்கிட்டிருக்குமா? அனுமதி வாங்கும்போது வரைபடத்தில் இந்தக் கம்பி இருக்காது. பின்னாடி அசோசியேஷன் போடுறது.

இன்னொரு ஆபத்து, தலை. குட்டி யானை பின்னாடி நின்னுக்கிட்டு வர்ற தொழிலாளியை டிரைவருக்குத் தெரியாது. வண்டி கம்பிக்கு அடியில் போயிடும், அவர் தலை போகாது. கழுத்தெலும்பு முறிஞ்சு வந்தவரை அவசர சிகிச்சைப் பிரிவில் பார்த்திருக்கேன்.

அதனால கம்பிக்குக் கொஞ்சம் முன்னாடியே, சங்கிலியில் லேசான பிளாஸ்டிக் குழாய் ஒண்ணு தொங்கவிடுங்க. தட்டினா சத்தம் வரும், மண்டை உடையாது. மஞ்சள்-கறுப்பு ஒளிரும் பட்டை ஒட்டுங்க. உயரத்தை மீட்டரிலும் அடியிலும் எழுதுங்க.

அப்புறம், எழுதினதை வருஷா வருஷம் அளந்து பாருங்க. பழைய ரோட்டைச் சுரண்டாம மேல மேல தார் போட்டா தரை உசரும். போர்டில் 2.1 மீட்டர்னு இருக்கும், நிஜத்தில் 2 மீட்டர்தான் மிஞ்சியிருக்கும்.

முக்கியமானது, கம்பிக்கு ஒரு கீல், ஒரே ஒரு பூட்டு. சாவி செகரட்டரி வீட்டு பீரோவில் இல்லை, கேட் கேபினில் தொங்கணும். நைட் ஷிஃப்ட் அண்ணன் தனியாளா ஒரு நிமிடத்துக்குள்ள திறக்க முடியுதான்னு திறந்து பார்க்கணும்.

"ஸ்ட்ரெச்சர்லயே கொண்டு போயிடலாமே டாக்டர், எதுக்கு வீண் செலவு?"ன்னு எங்க கமிட்டியில் ஒருத்தர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங். இஞ்ச் டேப்பும் வெல்டர் கொடுத்த கொட்டேஷனும் எடுத்துட்டுப் போறேன்.