குளிகையும் அளவையும்

ஒரு பொருளை உள்ளவாறு அறிதற்குரிய கருவியை அளவை என்பர் நம் முன்னோர். அளவை பத்தென விரித்தாரும் உளர். சைவ சித்தாந்திகள் அவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குவர். பொறிகளால் நேரே அறிவது காட்சி. புகையைக் கண்டு நெருப்பு உண்டெனத் துணிவது கருதல். நம்பத்தக்கோனாகிய ஆப்தன் சொல்லக் கேட்டு அறிவது உரை. பரீட்சைக்காக இப்பாடத்தைக் கற்கின்றோம். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகின்றோம். இக்காலத்தில் அஃது உயிர்காக்கும் பாடமாயிற்று என்றால் நம்புவார் சிலரே.

விற்றமின் குளிகை, புரதத் தூள், மூலிகைச் சாறு என்றிவற்றைக் குறைநிரப்பு உணவு என்கின்றனர். இவை இன்று இணையச் சந்தையில் விலையாகின்றன. வாங்குவோர் கடல் கடந்த வணிகனைக் கண்டதில்லை. பண்டத்தைத் தொட்டதும் இல்லை. போத்தலின் மேல் ஒட்டிய எழுத்தொன்றே அவர்க்குத் துணை. அவ்வெழுத்து மெய்யோ பொய்யோ என்பதை எவ்வாறு அறிவது?

முதலில் ஒரு செய்தி. தெகோகோத்தே என்பது மெக்சிக்கோ நாட்டு மரம். அதன் கனியை அந்நாட்டார் நத்தார்ப் பானத்தில் இட்டு அருந்துவர். அதன் வேர் உடலை இளைக்கச் செய்யும் என்று சொல்லி, ஐக்கிய அமெரிக்காவில் இணைய வழியே விற்றனர். 2022ஆம் ஆண்டு செத்தெம்பரில், நியூ ஜேர்சியில், இரண்டு வயது நிரம்பாத குழந்தையொன்று வீட்டிலிருந்த அவ்வேர்த் துண்டுகளை உண்டுவிட்டது. வாந்தி உண்டாயிற்று, இதயத்துடிப்புத் தளர்ந்தது. ஐயுற்ற ஆய்வாளர் அப்பெயரில் விற்ற 10 பண்டங்களைச் சோதித்தனர். 9இல் தெகோகோத்தே இல்லை. இருந்தது மஞ்சள் அலரி. 2023இல் இச்செய்தி வெளியாயிற்று.

மஞ்சள் அலரியை நமக்கு யாரும் அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. கோயில் நந்தவனத்திலும் வேலியோரத்திலும் நிற்பது. அதன் பூவைப் பறிப்போம். அதன் நஞ்சு இதயத்தைத் தாக்கும் என்பதும் அறிவோம். வடபுலத்தில் அதனால் நேர்ந்த துயரங்கள் பல. இலையும் பூவுமாக நிற்கும்போது நம் சிறுவரும் அதனை இனங்காண்பர். வேரென்று பெயரிட்டுப் போத்தலில் அடைத்தபின் காண்பவர் யார்? காட்சி அளவை அங்கே அற்றுப்போயிற்று.

பண்டம் மெய்யாயினும் அளவு பொய்யாகலாம். துயில் வருவிக்கும் மெலற்றோனின் கலந்த மெல்லினிப்புகள் 25ஐ ஆய்ந்து 2023இல் ஒரு முடிவு வெளியிட்டனர். 22இல் எழுதிய அளவும் இருந்த அளவும் ஒவ்வவில்லை. ஒன்றில் மெலற்றோனினே இல்லை. ஏனையவற்றில், எழுதிய அளவின் 74 வீதம் முதல் 347 வீதம் வரை இருந்தது. பெற்றோர் ஒன்றெனக் கொடுத்தது மூன்றுக்கும் மேலாக முடியலாம் என்பது இதன் கருத்து.

ஆயின், வாங்குவோர் எதனைக் கொண்டு துணிகின்றனர்? முன்பு வாங்கியோர் எழுதிய புகழுரையையும் இட்ட நட்சத்திரங்களையும் கொண்டு துணிகின்றனர். இதனை உரை அளவை என்று எண்ணுகின்றனர். ஆப்தனுக்கு இலக்கணம் இரண்டு. உள்ளதை உள்ளவாறு அறிந்திருத்தல் ஒன்று. அறிந்ததைத் திரியாது சொல்லுதல் மற்றொன்று. கூலிக்குப் புகழ்வாரிடம் பின்னையது இல்லை. 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு பொய் மதிப்புரைகளை விற்றலையும் வாங்குதலையும் தடுத்து விதி செய்யவேண்டி வந்தமையே இதற்குச் சான்று. மனமறியப் பொய் சொல்லாதவரிடமோ முன்னையது இல்லை. அவர் தம் உடலை அறிவார். குளிகையுள் இருப்பதை அறியார்.

இங்கே நுணுகி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. ‘உண்டேன், இளைத்தேன்’ என்று ஒருவர் எழுதுகின்றார். அவர் சொல்வது மெய். ஆனால் இளைப்பித்தது மூலிகைதானா? சிபியூட்ரமின் என்னும் மருந்து இதயத்துக்கும் குருதிக்குழாய்க்கும் கேடு செய்வதென்று கண்டு 2010இல் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. அதன் பின்னரும், மூலிகை என்று விற்ற இளைப்புக் குளிகைகளுள் அம்மருந்து ஒளிந்திருத்தலை அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம் மீண்டும் மீண்டும் கண்டறிந்தது. எனவே விரைந்து பயன் தந்தது என்னும் புகழுரையே கலப்படத்துக்கு அடையாளமாதலும் கூடும். புகை மெய், நெருப்பு வேறு.

அரசு காவாதோ எனலாம். 1994இல் இயற்றிய சட்டப்படி, அமெரிக்காவில் குறைநிரப்பு உணவை விற்குமுன் அதன் நன்மையையும் தீமையின்மையையும் நிருவாகத்தார் ஆராய்ந்து அனுமதித்தல் இல்லை. தொழிற்சாலையைப் பதிவு செய்தல் வேறு. பண்டத்தை ஏற்றுக்கொள்ளுதல் வேறு. ‘பதிவு பெற்றது’ என்னும் எழுத்தை ‘அங்கீகாரம் பெற்றது’ என்று படிப்பது நமது பிழை.

அப்படியானால் ஆப்தர் யார்? ஆய்கூடத்தில் சோதித்து அறிபவரும், விற்பனையால் ஊதியம் பெறாதவருமே. 1820இல் தோன்றிய யு. எஸ். பி. என்னும் மருந்து நியம நிறுவனம் விரும்பி வரும் உற்பத்தியாளரின் பண்டங்களைச் சோதித்து முத்திரை வழங்குகின்றது. எழுதிய பொருள் எழுதிய அளவில் உண்டா, ஈயம் முதலிய மாசுகள் வரம்பு கடந்தனவா, குளிகை வயிற்றில் உரிய காலத்திற் கரையுமா என்பவற்றை அது நோக்கும். நோய் தீருமா என்பதற்கு அம்முத்திரை விடையாகாது. முத்திரையைப் பொய்யாக அச்சிடுதலும் எளிது. ஆதலின் போத்தலை நம்பாது, அந்நிறுவனத்தின் பட்டியலிலேயே பெயரைத் தேடவேண்டும்.

கருதல் அளவைக்கும் சில ஏதுக்கள் உண்டு. பல சரக்கைக் கூட்டி மொத்த நிறையை மட்டும் சொல்லி, தனித்தனி அளவை மறைத்த எழுத்து ஐயத்துக்கு உரியது. தொகுதி இலக்கம் இல்லாத போத்தல் ஐயத்துக்கு உரியது. உற்பத்தியாளர் ஒருவராயிருக்க, அனுப்புவோர் பெயரறியா மற்றொருவராயின் அதுவும் ஐயத்துக்கு உரியது. குறித்த தொகுதியின் பகுப்பாய்வுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். மெய் வணிகன் காட்டுவான். மற்றையோன் விலையைக் குறைப்பான்.

மாணாக்கரே, உடல் திரளவும் நினைவு பெருகவும் என்று இவற்றை வாங்குமுன், உங்களுக்குக் குறை உண்டா என்பதை ஒரு வைத்தியர் சோதித்துச் சொல்லட்டும். குறை இல்லையேல் நிரப்புவது எதனை? குறை உண்டேல், எத்தனை பேர் புகழ்ந்தனர் என்று எண்ணாதீர்கள். சோதித்தவர் யார் என்று கேளுங்கள். விடை கிடையாத போத்தலை வாங்காது விடுங்கள். அலரி நம் முற்றத்திலேயே நிற்கின்றது. அதனைக் கடல் கடந்து விலைகொடுத்து வருவிக்கவேண்டியதில்லை.