விலாசத்திற்கு ருசு

மோட்டார் கார் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் அதை இன்ஷூர் செய்தே தீரவேண்டுமென்று ஒரு சட்டம் கட்டளையிடுகிறது. அக்கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பணமும் கையுமாக வரும் பிரஜையை, "உமது வாசஸ்தலத்துக்கு ருசு எங்கே?" என்று மற்றொரு விதி வாயிற்படியிலேயே நிறுத்திவிடுகிறது. செங்கற்பட்டு ஜில்லாவில், முக்கியமாக மாமல்லபுரம் கடற்கரையை அடுத்த ஊர்களில், வாடகை வீட்டில் குடியிருக்கும் ஜனங்கள் இவ்விரு விதிகளுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்ளுகிறார்கள். இது அற்ப விஷயமென்று சிலர் நினைக்கலாம். நாம் அவ்வாறு நினைக்கவில்லை.

கட்டாய மோட்டார் இன்ஷூரன்ஸ் யாருடைய நன்மைக்காக ஏற்பட்டது? கார்ச் சொந்தக்காரருடைய நன்மைக்காக அன்று. 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் இப்பகுதி 1946 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அதன் ஸ்தானத்தில் இப்பொழுது 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 146-வது பிரிவு நிற்கிறது. இரண்டின் கருத்தும் ஒன்றே: சாலையில் அடிபட்டவரின் குடும்பம், அடித்தவரின் கைப்பொருளை நம்பித் தெருவில் நிற்கலாகாது. இன்ஷூரன்ஸ் இன்றி ஓட்டுபவருக்கு முதல் குற்றத்துக்கு 3 மாதம் வரை காவலோ, 2,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆகவே, ருசு போதவில்லையென்று ஒரு பாலிசி தாமதப்படும் ஒவ்வொரு நாளும், ஆபத்துக்கு உள்ளாகிறவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன்கூடையுடன் நடந்துசெல்லும் ஏழை ஸ்திரீயே.

இந்த ருசு எப்படி வந்தது? 2023 ஜனவரி 1 முதல், புதிய பாலிசியாயினும் புதுப்பிக்கும் பாலிசியாயினும், கே.ஒய்.சி. என்று வழங்கும் அடையாள விசாரணை கட்டாயமாயிற்று. அதற்கு முன், ஜெனரல் இன்ஷூரன்ஸில் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட நஷ்டஈடு கோரும்போதே இது கேட்கப்பட்டு வந்தது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்க 2005-ல் செய்யப்பட்ட விதிகளே இதற்கு ஆதாரம். பாஸ்போர்ட்டு, டிரைவிங் லைசென்ஸ், ஆதார், வாக்காளர் அட்டை, கிராம வேலை உறுதித் திட்டத்தின் அட்டை முதலியவை அவ்விதிகள் ஒப்பும் பத்திரங்கள். இவற்றில் தற்கால விலாசம் இல்லாவிட்டால், 2 மாதத்துக்கு மேற்படாத மின்சார அல்லது தண்ணீர் பில், வீட்டுவரி ரசீது, சர்க்கார் பென்ஷன் உத்தரவு, சர்க்கார் ஸ்தாபனமோ பெரிய கம்பெனியோ தன் சிப்பந்திக்கு வீடு ஒதுக்கிய கடிதம் ஆகியவற்றைத் தற்காலிகமாகக் காட்டலாம். பிறகு 3 மாதத்துக்குள் திருத்திய பத்திரத்தைத் தரவேண்டும்.

இந்த ஜாபிதாவை வாசகர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டுகிறோம். கல்பாக்கம் அணுசக்தி நகரில் சர்க்கார் வீட்டில் வசிக்கும் உத்தியோகஸ்தருக்கு ஒதுக்கீட்டுக் கடிதம் ஒன்றே போதும். அங்கிருந்து சில மைல் தூரத்தில், மாமல்லபுரத்தில் வாடகை வீட்டிலிருந்து கல்லுளி பிடிக்கும் சிற்பிக்கு என்ன உண்டு? மின்சார பில் வீட்டுக்காரர் பெயரில். வீட்டுவரி ரசீதும் அவர் பெயரில். ஆதாரிலோ பிறந்த ஊரின் விலாசம். வாடகை ஒப்பந்தம் அந்த ஜாபிதாவிலேயே இல்லை. இத்தனைக்கும், வாடகை ஒப்பந்தங்களை எழுத்து மூலம் செய்து அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டுமென்று தமிழ்நாட்டுச் சர்க்கார் இயற்றிய 2017-ஆம் வருஷத்துச் சட்டம் 2019 முதல் அமலில் இருக்கிறது. ஒரு சர்க்கார் வற்புறுத்திப் பதிவு செய்விக்கும் பத்திரத்தை மற்றொரு சர்க்காரின் விதி கண்ணெடுத்தும் பாராதிருப்பது என்ன நியாயம்?

சொந்த வீட்டுக்காரரும் இத்தொல்லைக்குத் தப்பினாரில்லை. மாமல்லபுரத்தில் ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவர் 1997 வரை செங்கற்பட்டு ஜில்லாவாசி. அவ்வருஷம் ஜில்லா பிரிந்ததும் காஞ்சீபுரம் ஜில்லாவாசி. 2019 நவம்பர் 29 முதல் மறுபடியும் செங்கற்பட்டு ஜில்லாவாசி. அவர் ஓரடியும் நகரவில்லை; ஜில்லா எல்லையே நகர்ந்தது. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் ஒரு ஜில்லாவும் ஆதாரில் மற்றொரு ஜில்லாவும் இருப்பதற்கு அவரா உத்தரவாதி?

மறுபக்கத்து நியாயத்தையும் நாம் மறைக்க விரும்பவில்லை. விலாசம் வேண்டுவதே. விபத்து வழக்கில் நோட்டீஸ் சார்வு செய்யவும், பிரதிவாதி வசிக்கும் எல்லைக்குட்பட்ட டிரிபியூனலில் வழக்குத் தொடரவும் அது அவசியம். பொய் விலாசத்தின் தீமையும் நாம் அறிந்ததே. மாமல்லபுரத்தின் வழியாகச் செல்லும் இதே சாலை கொண்டுசேர்க்கும் புதுச்சேரியில், கேரளத்துச் செல்வர் சிலர் பொய் விலாசம் கொடுத்து உயர்ந்த கார்களைப் பதிவு செய்து வரியைத் தவிர்த்தார்களென்று 2017-ல் வழக்குகள் எழுந்தன. ஆனால் கவனிக்க வேண்டுவது இது: விலாசத்தைப் புனைவதற்கு வசதி படைத்தவருக்குப் பத்திரம் கிடைக்கிறது, உள்ளதை உள்ளபடி சொல்லும் குடித்தனக்காரருக்குத்தான் கிடைப்பதில்லை.

விலாசத்தால் பிரீமியம் மாறுமென்று வாதிப்பதும் பொருந்தாது. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸின் கட்டணம் சொந்தக் கார்களுக்கு என்ஜின் அளவைப் பொறுத்தது. செங்கற்பட்டுக்கும் டில்லிக்கும் ஒன்றே. காரின் சேதத்துக்குரிய கட்டணத்தில் சென்னை முதலான 8 பெரு நகரங்களை ஒரு மண்டலமாகவும் ஏனைய இடங்களை மற்றொன்றாகவும் 2002-ஆம் வருஷத்து மோட்டார் தாரிப்பு வகுத்தது மெய்யே. அங்கும் கணக்கு, வண்டி பதிவான ஆபீஸைப் பற்றியதே.

பரிகாரம் புதிதாகத் தேடவேண்டியதில்லை. பாதி வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஆதார் மூலம் அடையாளம் சரிபார்க்கப்பட்டவர், அதிலுள்ள விலாசம் வேறாயிருப்பின், தமது தற்கால விலாசத்தைச் சுயப் பிரகடனமாக எழுதிக் கொடுக்கலாமென்று 2019 நவம்பரில் விதி திருத்தப்பட்டது. பிரஜையின் சொல்லை நம்பும் இந்த ஒரு வரியை எத்தனை ஏஜெண்டுகள் எடுத்துச் சொல்லுகிறார்கள்? கம்பெனிகள் இதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கிளையிலும் ஒட்டவேண்டும். ருசுவை மறுத்தால், காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். பதிவான வாடகை ஒப்பந்தத்தை மத்திய சர்க்கார் ஜாபிதாவில் சேர்க்க வேண்டும். ஜில்லாப் பெயர் ஒன்று மாத்திரம் வேறுபட்டால் அதைப் பிழையாகக் கொள்ளலாகாதென்று ஆணையம் உத்தரவிட வேண்டும்.

நம்மவர்களுக்கும் கடமை உண்டு. வீடு மாறினால் 30 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 49-வது பிரிவு கூறுகிறது. அதை அசட்டை செய்யலாகாது. பாலிசி முடிந்து 90 நாள் கடந்துவிட்டால், நஷ்டஈடு கோராதவருக்குச் சேர்ந்துள்ள தள்ளுபடியும் போய்விடும். கட்டணம் பெற்றுக்கொண்டும் கம்பெனி பாலிசி தராவிட்டால், இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். அவரது ஆபீஸ் சென்னையிலேயே இருக்கிறது. வீட்டுக்காரர்களும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய அஞ்சலாகாது.

வீடில்லாதவன் ஊரில்லாதவனல்லன். வாடகைக்கு இருப்பவனும் இந்நாட்டுப் பிரஜையே. அவன் சட்டத்துக்கு அடங்கி நடக்க முன்வரும்போது, சட்டமே அவன் வழியை மறிக்கலாகாது.