வெள்ளிக் கம்பியும் வீட்டு இரைச்சலும்

எம்.டி. ராமநாதனின் பழைய கச்சேரிப் பதிவொன்றைத் தம்முடைய புதிய சாதனத்தில் கேட்க வரும்படி அழைத்திருந்த நண்பரின் வீட்டுக்குச் சென்ற ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அந்த மகாவித்வான் ஒரு சங்கதியை முடித்துவிட்டு, அவசரமே இல்லாமல் அடுத்ததற்குள் புகுமுன் விடுகின்ற நீண்ட இடைவெளியில், தம்புரா மாத்திரமே ஒலிக்க வேண்டிய அந்த இடத்தில், ஸ்பீக்கரிலிருந்து கரகரவென்று ஓர் இரைச்சல் எழுந்து சுருதியின்மேல் புழுதியாகப் படிந்தது. அதைப் போக்குவதற்கென்றே 40,000 ரூபாய் கொடுத்து, மடிக்கணினியையும், எண்களை ஒலியாக மாற்றும் டி.ஏ.சி. பெட்டியையும் இணைக்க வெள்ளிக் கம்பியாலான யூ.எஸ்.பி. கேபிள் ஒன்றை வாங்கியிருப்பதாகவும், அது பழகுவதற்கு இன்னும் 200 மணி நேரம் ஆகுமென்று கடைக்காரர் சொன்னதாகவும் நண்பர் பூரண விசுவாசத்தோடு தெரிவித்தார். நான் எழுந்து போய் மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். இரைச்சல் அந்தக் கணமே நின்றது.

விலை ஏற ஏறக் கேபிள் டிஜிட்டல் இரைச்சலை வடிகட்டும் என்ற இந்தப் பிரமை, கணக்கும் பௌதிகமும் படித்தவர்களிடமே ஆழமாக வேரோடியிருப்பதுதான் என் மனத்தை எரிக்கிறது. ஒலியை எண்களாக்கி அனுப்பும் முறையை அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1937-ல் பாரிஸிலிருந்து வகுத்ததே, தொலைபேசிக் கம்பியில் தூரத்தோடு கூடவே பெருகிய இரைச்சலை வெல்வதற்காகத்தான். எண்களுக்கு இரைச்சலால் ஆபத்தில்லை. சார்ஜரைப் பிடுங்கியபோது எந்த எண் மாறியது?

சார்ஜர் என்பது 230 வோல்ட் மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிக் குறைக்கும் கருவி. அதனுள்ளே, குறுக்கீட்டைத் தணிக்க வைத்திருக்கும் ஒரு சிறு கெப்பாசிட்டர் வழியாக அற்பமான மின்னோட்டம் ஓயாமல் கசிகிறது. உலோக உடம்புள்ள மடிக்கணினியைச் சார்ஜில் போட்டுத் தடவும்போது சில சமயம் விரலில் தட்டுப்படும் விறுவிறுப்பு அதுவே. பூமியைத் தேடும் அந்தக் கசிவு யூ.எஸ்.பி. கேபிளின் கிரவுண்டு கம்பியில் ஏறி, டி.ஏ.சி.யைக் கடந்து, ஒலிக் கம்பியின் மேலுறை வழியாக ஆம்ப்ளிஃபயரை அடைகிறது; வழியில் அது உண்டாக்கும் மிகச் சிறிய மின்னழுத்தத்தையும் ஆம்ப்ளிஃபயர் சங்கீதத்தோடு சேர்த்துப் பெருக்கிவிடுகிறது. செம்பைவிட வெள்ளி மின்சாரத்தை எளிதாகக் கடத்தும் என்பது பள்ளிப் பாடம். ஆகையால் அந்த 40,000 ரூபாய், கசிவைத் தடுக்கவில்லை. அதற்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்தது!

பாதையை அறுப்பதே பரிகாரம். கேட்கும் நேரத்தில் கணினியைப் பேட்டரியில் ஓட்டலாம், யூ.எஸ்.பி. ஐசொலேட்டர் ஒன்றை நடுவில் வைக்கலாம். துவாரம் இருக்கும் கருவிகளில், 1983-ல் தோஷிபா கொண்டுவந்த டாஸ்லிங்க் ஒளியிழையைச் சொருகலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்த இழையில் ஒளிதான் போகும். மின்சாரம் போகவே போகாது. இதே ஆசையைக் காட்டி லேன் கேபிளையும் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறார்கள். சாதாரண லேன் இணைப்பின் இரு முனைகளிலும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் அமர்ந்து மின்தொடர்பைப் பிரித்தே வைத்திருக்கிறது என்பதை வாங்குகிறவர் விசாரிப்பதில்லை. விசாரிக்க வேண்டாம், ஒரு சார்ஜரைப் பிடுங்கிப் பார்க்கவாவது கூடாதா?

இதைவிடக் கொடிய உபதேசம் ஒன்றையும் அன்று கேட்டேன். இரைச்சல் போக ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றிவிடும்படி யாரோ ஒரு நிபுணர் நண்பருக்குச் சொல்லியிருக்கிறார். உள்ளே ஒரு கம்பி அறுந்து உலோகப் பெட்டியில் பட்டால் மின்சாரத்தைப் பூமிக்குக் கொண்டுபோவது அந்த முள்தான். அது இல்லாவிட்டால், தொட்ட குழந்தையின் தேகமே அதற்கு வழியாகும். சங்கீதத்தின் பேரால் இப்படியும் சொல்லத் துணிகிறார்களே!

அந்த எர்த்தாவது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, நண்பரோடு கொல்லைப்புறம் போனேன். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழி வாய் வெடித்து, மண் பாளம் பாளமாகக் காய்ந்து கிடந்தது. அதில் கடைசியாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றியது எந்தக் கோடையில் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.