நீருக்குச் செய்யும் மரியாதை

“தெய்வம் உறையும் ஆற்றின்மேல் மேடை கட்டி அமர்ந்து உண்பதா? இது பக்தியா, வாணிபமா?” சென்ற கோடையில் ஆய்வுப் பயிற்சிக்காக ஜப்பான் சென்று திரும்பிய என்னை விடுதி நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது.

கியோட்டோ நகருக்கு வடக்கே, ஊசியிலை மரங்கள் செறிந்த மலையிடுக்கில் இருக்கிறது கிபுனே என்னும் சிற்றூர். நகரிலிருந்து சிறு ரயிலில் அரைமணி. பின்னர் ஓடையோரமாக இரண்டு கிலோமீட்டர் நடை. மே முதல் செப்டம்பர் வரை அங்குள்ள உணவகங்கள் ஓடைக்குச் சற்று மேலே மேடையிட்டுப் பாய் விரிக்கின்றன. ‘கவாதோகோ’ என்பது அதன் பெயர். காலடியில் நீர் சலசலக்க, ‘அயு’ என்னும் ஆற்றுமீனைச் சுட்டுப் பரிமாறுகிறார்கள். நகரம் 35 டிகிரிக்கு மேல் வேகும் நாளிலும் அங்கே உடல் சிலிர்க்கிறது. இதில் மாயம் இல்லை. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து வாங்கிக்கொள்கிறது. காட்டு நிழலும் துணை நிற்கிறது.

அதே வீதியில், செவ்விளக்குகள் வரிசையாக நிற்கும் கற்படிகளுக்கு மேலே, மழைக்கும் நீருக்கும் உரிய தெய்வத்தின் கோயில். பண்டை நாளில் மழை வேண்டிக் கருங்குதிரையும், மழை நிற்க வேண்டி வெண்குதிரையும் அரசவை காணிக்கையாக அனுப்பியதாம். இன்று வருவோர் வெற்றுத்தாள் ஒன்றை நீரில் இடுகிறார்கள். குறி சொல்லும் எழுத்துகள் மெல்லத் தோன்றுகின்றன.

என்னைக் கவர்ந்தது வேறொன்று. ஊரின் பெயர் கிபுனே. கோயிலின் பெயரோ கிஃபுனே. அந்த ஒலி மாற்றத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லுக்குக் ‘கலங்கல்’ என்பது பொருள். நீர்த்தெய்வத்தின் பெயரிலும் கலங்கல் கூடாதென்று கருதினார்களாம்!

வாணிபம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். மேடையில் ஒருவேளை உணவின் விலை, உதவித்தொகையில் வாழும் மாணவனுக்கு எட்டாதது. ஓடையின் பெரும்பகுதியை உணவகங்களே மறைத்துக்கொண்டிருக்கின்றன. நான் கையோடு கொண்டுபோன சோற்றுருண்டையைச் சாலையோரத்தில் உண்டேன். இது குறைதான். ஆனால் கோயிலின் ஊற்றுநீர் யாவருக்கும் விலையின்றிக் கிடைக்கிறது. ஆறு நாறினால் அந்தப் பாயில் யார் அமர்வார்? அங்கே பக்தியும் பிழைப்பும் ஒரே தெளிந்த நீரை நம்பி நிற்கின்றன. அச்சமும் உண்டு. 1046ஆம் ஆண்டு வெள்ளம் பழைய கோயிலை அழித்தது. 1055இல் இன்றைய இடத்தில் மீண்டும் எழுப்பினார்கள். இன்றும் மழையில் ஓடை பெருகினால் மேடையில் விருந்து இல்லை.

நண்பரே, நம் நிலை என்ன? யமுனையைத் தாயென்கிறோம், அதன் நுரையைக் கண்டு மூக்கைப் பொத்துகிறோம். ஆடிப் பதினெட்டன்று தில்லியில் என் அன்னையார் ஆற்றங்கரைக்குப் போவதில்லை. குழாய் நீரைக் குடத்தில் பிடித்துப் பூச்சூட்டி, கலந்த சோறு படைக்கிறார். காவிரிக் கரையில் பிறந்தவர் அவர்!

உண்ண அமரத் தகுந்ததாய் ஆற்றை வைத்திருப்பதும் வழிபாடே என்பது என் துணிபு. ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: வரும் ஆடிப் பதினெட்டுக்கு இன்னிசையோடு நில்லாமல், யமுனை நீரைப் பல இடங்களில் எடுத்து வருவோம். அதில் கரைந்துள்ள பிராணவாயுவை நம் ஆய்வுக்கூடத்திலேயே அளந்து, அடுத்த இதழில் வெளியிடுவோம். குடுவைகளை நான் கொண்டுவருகிறேன். உடன் வருவோர் யார்?