லியூகோவோரின் ஆட்டிசத்திற்கான மருந்தா? பெற்றோர் அறிய வேண்டியவை

2025 செப்டம்பர் 22 அன்று அமெரிக்க அதிபர் மாளிகையில் வெளியான ஓர் அறிவிப்பைத் தொடர்ந்து, ஆட்டிசத்திற்கு மாத்திரை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாகச் செய்திகள் பரவின. ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோராகிய உங்களுக்கும் அச்செய்தி வந்து சேர்ந்திருக்கும். இன்னும் பேசத் தொடங்காத குழந்தையை வளர்ப்பவருக்கு அது எத்தகைய நம்பிக்கையை அளித்திருக்கும் என்பதை எம்மால் உணர முடிகிறது. ஆயினும் அறிவிப்பில் கூறப்பட்டதும் தலைப்புச் செய்திகளில் வந்ததும் ஒன்றல்ல.

லியூகோவோரின் புதிய மருந்தன்று. ஃபோலினிக் அமிலம் எனவும் அழைக்கப்படும் இது, மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தின் நச்சுவிளைவைக் குறைக்கப் புற்றுநோய்ப் பிரிவுகளில் பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அன்று அறிவித்தது, 'மூளை ஃபோலேட் குறைபாடு' என்னும் அரிய நோய்க்கு இம்மருந்தை ஏற்கும் நடவடிக்கையைத் தொடங்குவதாகத்தான். அந்நோயுள்ள சிலரிடம் ஆட்டிசத்தை ஒத்த அறிகுறிகள் காணப்படும். ஆனால் ஆட்டிசம் உள்ள அனைவருக்கும் அந்நோய் இருப்பதில்லை.

ஃபோலேட் என்பது வைட்டமின் பி9. இரத்தத்திலிருந்து அதை மூளைநீருக்குள் கொண்டு சேர்ப்பது ஓர் ஏற்பிப் புரதம். உடலின் எதிர்ப்பொருள்களே இந்தப் புரதத்தை முடக்கக்கூடும் என்பதை 2005இல் ராமேகர்ஸ் உள்ளிட்டோர் வெளியிட்டனர். அவ்வழி அடைபட்டாலும் ஃபோலினிக் அமிலம் வேறொரு வழியாக மூளையை அடைகிறது. குழந்தை நரம்பியல் மருத்துவரான ரிச்சர்டு ஃபிரையின் ஆய்வுகளுக்கு இதுவே அடிப்படை. ஆட்டிசமும் பேச்சுக் குறைபாடும் உள்ள 48 குழந்தைகளை அவர் குழு 12 வாரங்கள் ஆராய்ந்தது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மருந்தும் எஞ்சியோருக்குப் போலி மருந்தும் தரப்பட்டன. மருந்து பெற்றோரின் பேச்சுத் தொடர்பு கூடுதலாக மேம்பட்டது. அந்த எதிர்ப்பொருள் உள்ளவர்களிடம் பலன் அதிகம் தெரிந்தது.

இது மதிக்கத்தக்க ஆய்வு, புறந்தள்ளக் கூடாது. ஆனால் 48 பேர், 12 வாரங்கள் என்பன ஒரு சிகிச்சையை எல்லோருக்கும் பரிந்துரைக்கப் போதுமானவை அல்ல. போலி மருந்து ஏன் என்றும் நீங்கள் கேட்கலாம். வயதாலும் பயிற்சியாலும் குழந்தைகள் தாமாகவே முன்னேறுவர். மாத்திரை தொடங்கிய மாதத்தில் குழந்தை ஒரு புதிய சொல்லைப் பேசினால், அது எதனால் வந்தது என்பதை வீட்டிலிருந்து எவராலும் பிரித்தறிய இயலாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் ஆட்டிசத்திற்கு இதை வழக்கமாகத் தருவதைப் பரிந்துரைக்கவில்லை.

நம் நாட்டில் புற்றுநோய் மருந்துகள் விற்கும் கடைகளில் இது கிடைப்பதே எம் கவலைக்குக் காரணம். உங்கள் குழந்தை வலிப்புக்காக ஃபீனோபார்பிடோன், ஃபெனிடோயின் ஆகியவற்றை உட்கொண்டால், ஃபோலினிக் அமிலம் அவற்றின் ஆற்றலைக் குறைத்து வலிப்பை அதிகரிக்கக்கூடும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் வலிப்பு நோய் மற்றக் குழந்தைகளைவிட மிகுதி என்பதால் இது பொருட்படுத்தத்தக்க ஆபத்தாகும். சில குழந்தைகளிடம் அமைதியின்மையும் தூக்கக் குறைவும் தோன்றலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தசோகைக்குத் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும் இதுவும் வேறு வேறு. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைத் தராதீர்கள்.

பிறந்து சில மாதங்கள் இயல்பாக வளர்ந்த குழந்தை, கற்ற திறன்களை இழந்தாலோ, தலை வளர்ச்சி குறைந்தாலோ, நடை தடுமாறினாலோ, வலிப்பு வந்தாலோ குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூளை ஃபோலேட் குறைபாடு உண்டா என்பதை, முதுகுத்தண்டிலிருந்து எடுக்கப்படும் நீரைச் சோதித்தே உறுதிசெய்ய வேண்டும். ஏனையோர், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பெற்றுவரும் பேச்சுப் பயிற்சியையும் நடத்தைப் பயிற்சியையும் மாத்திரையை எதிர்பார்த்து நிறுத்த வேண்டாம்.

ஏற்கெனவே லியூகோவோரின் கொடுக்கத் தொடங்கியிருந்தால் அதனை மறைக்காதீர்கள். எவரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். மருந்து அட்டையையும், குழந்தை உட்கொள்ளும் பிற மருந்துகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு அடுத்த புறநோயாளர் நாளிலேயே மருத்துவரைச் சந்தியுங்கள். இடையில் வலிப்பு வந்தால் அந்த நாளுக்காகக் காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.